பழந்துணியும் அளவு நாடாவும்

(நம் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டில் பயனற்றுக் கிடக்கும் துணிகளைக் கொண்டு உடுக்கத்தக்க ஆடைகள் செய்துகொள்வது எப்படி என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். காலையில் பேசிய அறிஞர்களுக்கு இட ஒதுக்கீடு, உயர்கல்வி, நிலவுரிமை என்று பெரும்பொருள்களை ஒதுக்கிவிட்டுத் தலைமையாசிரியருக்குக் கந்தலைக் கொடுத்துவிட்டார்கள் என்று பந்தலின் பின்வரிசையில் இளைஞர் இருவர் நகைத்ததும் என் காதில் விழுந்தது. எனக்கு அதில் வருத்தம் சிறிதும் இல்லை. நிலத்தின் வரலாற்றைப் போலவே துணியின் வரலாறும் நம் மக்களின் வரலாறுதான். அதைச் சற்று விரித்துரைத்த பிறகே கத்தரிக்கோலைக் கையில் எடுக்க விழைகின்றேன்.

மனுநூலின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் எனப்பட்டோர் இறந்தவர்களின் உடைகளையே ஆடையாகக் கொள்ள வேண்டும் என்று விதிக்கின்றது. இது வடமொழி ஏட்டில் மட்டும் கிடந்த விதியன்று. நம் ஊர்களில் பிணத்தின்மேல் போர்த்திய கோடித் துணி வெட்டியானுக்கு உரியது என்னும் வழக்கம் இருந்ததை இங்குள்ள மூத்தோர் அறிவர். பண்ணையில் உழைத்தவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த வேட்டியும், பண்டிகை நாளில் வாசலில் நின்று கை நீட்டி வாங்கிய பழஞ்சேலையும் கூலியின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டன. கொடுப்பவர் எதைக் கழித்துக் கட்டினாரோ அதையே நாம் உடுத்தோம்.

கொடுத்ததை உடுத்துவதோடும் நிற்கவில்லை; எவ்வளவு உடுத்தலாம் என்பதையும் பிறரே முடிவு செய்தனர். 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. சட்டை, கோட்டு, பனியன் அணியலாகாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மார்பை மறைத்தலாகாது. குடையும் செருப்பும் கூடா என்பன அவற்றுள் சில. மீறிய குடிசைகள் தீக்கிரையாயின. 1931 ஜூன் மாதத்தில் எட்டுத் தடைகள் பதினொன்றாயின. மானிடவியலாளரும் ஆட்சிப் பணி அலுவலருமான ஜே. எச். ஹட்டன் தம் நூலில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கின்றார். ஒரு சட்டைக்காக ஒரு வீடு எரிந்தது என்றால் அச்சட்டை வெறும் துணியாகுமா?

என் தந்தையார் இளைஞராக இருந்தபோது எங்கள் பக்கத்து ஊரில் ஒரு தையற்காரர் இருந்தார். கூலி வாங்கிக்கொண்டு நம்மவர்க்கும் சட்டை தைத்துக் கொடுப்பார்; ஆனால் அளவு நாடாவை உடம்பில் வைக்க மாட்டார். தெருவோரத்தில் நிற்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தே அளவைக் குறித்துக்கொள்வார். எனவே தோள் ஒருபுறம் இறங்கியும் கழுத்து ஒருபுறம் ஏறியும் இருக்கும். ‘பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொள்வதற்கும் காசு கொடுத்தோம்’ என்று தந்தையார் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பிற்காலத்தில்தான் புரிந்துகொண்டேன். கிராமப்புறத் தீண்டாமை குறித்து இந்த நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளும் தையற்கடைகளில் காட்டப்படும் பாகுபாட்டைக் குறிப்பிடுகின்றன. ஆகவே அளவு நாடா என்னும் ஒன்றரை மீட்டர்ப் பட்டையை நான் சாதாரணக் கருவியாகக் கருதுவதில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் நான் உதவி ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பில், நம் தெருப் பையன் ஒருவன் கட்டம் போட்ட சட்டை ஒன்றை அணிந்து வந்தான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, ‘சார், அது என் சட்டை’ என்றான். திருட்டுக் குற்றம் சாட்டவில்லை. தன் வீட்டில் கொடுத்த சட்டை என்று பெருமையாகவே சொன்னான். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பையன் அன்று மாலைவரை புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. நான் வீட்டிற்குச் சென்றபோது அவனுடைய தாயார் அச்சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கூறினார். வீட்டில் அவர் கணவருடைய நல்ல வேட்டி ஒன்றும், கரை மட்டும் கிழிந்த சேலை ஒன்றும் இருந்தன. ‘இதில் ஒரு சட்டை ஆகாதா சார்? தைக்கத்தான் ஆளில்லை’ என்றார். அன்று அந்தத் தெருவில் அறுபது வீடுகள். வெட்டித் தைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நம் சங்கத்தில் தையல் வகுப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு இதுவே காரணம்.

இவ்வாறெல்லாம் பட்டுவந்த சமூகத்தில் பழந்துணி என்றாலே முகம் சுளிப்பது இயல்புதான். புதுத்துணி வாங்கும் நிலைக்கு உயர்ந்தவர்கள் பழையதைத் திரும்பிப் பார்க்க விரும்புவதில்லை. அவர்களை நான் குறை கூற மாட்டேன். எனினும், இழிவு துணியில் இருந்ததா, அது வந்த வழியில் இருந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். என் தந்தையாரின் வேட்டியை என் தாயார் எனக்குச் சட்டையாக்கினால் அதில் இழிவு எங்கே இருக்கின்றது?

இதற்கு அண்ணல் அம்பேத்கரே விடை கூறியிருக்கின்றார். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டின்போது, திரளாக வந்திருந்த பெண்களிடம் அவர் தனியாக உரையாற்றினார். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் வகையில் சேலை கட்டும் முறையை விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார். உடை ஒட்டுப்போட்டதாக இருப்பதில் குற்றமில்லை, அது தூய்மையாக இருக்க வேண்டும் என்றும், எதை உடுத்துவது என்னும் உங்கள் உரிமையைத் தடுக்க எவராலும் இயலாது என்றும் அறிவுறுத்தினார். கேட்ட பெண்கள் அங்கேயே சேலைக் கட்டை மாற்றிக்கொண்டதாக வரலாறு கூறுகின்றது. அண்ணலைக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த கோலத்தில் மட்டுமே நாம் சிலையாக வைத்திருக்கின்றோம். ஒட்டுப்போட்ட துணியின் மானத்தைப் பேசியவரும் அவரே என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

நிற்க. இத்தகைய நெருக்கடியை நம்மைப் போன்ற வேறு மக்களும் சந்தித்துள்ளனர். அமெரிக்காவில் 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ஏழை விவசாயக் குடும்பங்கள், வெள்ளையரும் கறுப்பினத்தவரும், கோதுமை மாவும் கால்நடைத் தீவனமும் வந்த பருத்திப் பைகளைப் பிரித்து ஆடை தைத்தன. நூறு பவுண்டுத் தீவனப் பையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேலாகத் துணி கிடைக்கும். பெரியவர் ஒருவரின் கவுனுக்கு ஒரே வகையான மூன்று பைகள் வேண்டும். பையின் வாயைச் சங்கிலித் தையலால் தைத்திருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அந்நூலையும் வீணாக்காமல் சுற்றி வைத்துக்கொண்டனர். பெண்கள் இவ்வாறு செய்வதை அறிந்த ஆலைக்காரர்கள், பைத்துணியில் பூக்களையும் கோடுகளையும் அச்சிட்டு, ஆலையின் பெயரை மட்டும் கழுவினால் போகும் மையில் அச்சிடத் தொடங்கினார்கள். மாவின் தரத்தைவிடப் பையின் பூவைப் பார்த்து மூட்டையைத் தேர்ந்தெடுத்தார்களாம்! காகிதப் பைகள் வந்தபின் 1950களில் அவ்வழக்கம் தேய்ந்தது.

நம் நாட்டிலும் மைதா மாவு பருத்திப் பையில் வந்த காலம் உண்டு. என் வயதுடையவர்களில் பலர் அந்தப் பையில் தைத்த கால்சட்டையைப் போட்டிருப்பார்கள். மாவு ஆலையின் பெயர் சரியாகப் பின்புறத்தில் அமைந்துவிடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அமெரிக்க ஆலைக்காரர்களுக்கு இருந்த கழுவும் மை நம்மவர்க்கு வாய்க்கவில்லை. இன்று வரும் பிளாஸ்டிக் சாக்குகளில் கால்சட்டை தைக்க இயலாது. அந்த மட்டில் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அதே அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அங்குள்ள பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டி இணைத்துப் போர்வைகள் தைத்தனர். மிசூரி பெட்வே என்னும் பெண்மணி 1942ஆம் ஆண்டு, இறந்துபோன தம் கணவருடைய வேலை உடுப்புகளைக் கொண்டு, அவர் நினைவாகப் போர்த்துக்கொள்வதற்கென்றே ஒரு போர்வை தைத்தார். இறந்தவர் உடையை உடுத்துக என்று பிறர் விதிப்பதற்கும், இறந்தவரின் உடையை அன்பினால் ஒருவர் தம் கையாலேயே போர்வையாக்கிக்கொள்வதற்கும் உள்ள தொலைவை நான் விளக்க வேண்டியதில்லை. 1966இல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில், அவ்வட்டாரப் பெண்கள் கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை விற்கத் தொடங்கினர். 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிடப்பட்டன.

வறியவர்கள் மட்டும் இவ்வாறு செய்தனர் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1941 ஜூன் முதல் 1949 வரை ஆடைக்குப் பங்கீடு இருந்தது. 1943இல் அந்நாட்டு அரசே, பழந்துணியைத் திருத்தி உடுக்கும் முறைகளைக் கற்பிக்கும் கையேடு ஒன்றை அச்சிட்டு மக்களுக்கு வழங்கியது. நம்மை ஆண்டவர்களின் வீட்டுப் பெண்களும் கோட்டைப் பிரித்துக் குழந்தைக்குத் தைத்தார்கள். அதே 1943இல் இந்தியாவிலும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆனால் நமக்கு எவரும் கையேடு அச்சிட்டுத் தரவில்லை.

இனி நம் வீட்டுக் கொடிக்கும் பெட்டிக்கும் வருவோம்.

முதலில், எந்தத் துணி உதவும் என்று பார்க்க வேண்டும். துணியைச் சன்னலுக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். நைந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். பிறகு இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்துத் துணியைப் பக்கவாட்டில் இழுங்கள். மெல்லிய முறிவோசை கேட்டால் அவ்விடம் ஆகாது. பருத்திச் சேலையில் முதலில் நைவது குதிகால் படும் கரையும், இடுப்பில் செருகும் கொசுவப் பகுதியும், உட்காரும் இடமும் ஆகும். உள்முனையும் முந்தானைக்கு முந்திய பகுதியும் நெடுநாள் உறுதியாக இருக்கும். வேட்டி நடுவில் நையும். இரு ஓரங்களும் நன்றாக இருக்கும். ஆண்களின் சட்டையில் கழுத்துப்பட்டையும் கைமுனையும் தேயுமே தவிர முதுகுத் துணி புதியது போலவே இருக்கும். முழுக்கால் சட்டையில் முழங்காலும் இருக்கையும் போய்விடும். தொடையின் பின்புறம் போகாது. படுக்கை விரிப்பும் வேட்டியைப் போலத்தான்.

பருத்தியா, பாலியெஸ்டரா, கலப்பா என்பது தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் உறையும். இவ்விரண்டையும் ஒரே ஆடையில் சேர்த்துத் தைக்கலாகாது. ஒன்று இஸ்திரிச் சூட்டைத் தாங்கும், மற்றொன்று தாங்காது. குழந்தைகளுக்கும் நம் வெயிலுக்கும் பருத்தியே ஏற்றது என்பது என் கருத்து.

ஆடையைக் கிழித்துப் பிரிக்கக் கூடாது. தையலைப் பிரிக்க வேண்டும். தையலின் ஒருபுறத்தில் மூன்று நான்கு கண்களுக்கு ஒன்றாக பிளேடால் நூலை அறுத்துக்கொண்டே சென்று, மறுபுறத்து நூலை இழுத்தால் முழுதாகக் கழன்றுவிடும். பொத்தான், ஊக்கு, நாடா, ஜிப் ஆகியவற்றைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பிரித்த துண்டுகளைச் சலவைச் சோடா இட்ட நீரில் கொதிக்கவைத்து அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி, இலேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொள்ள வேண்டும். கஞ்சி போட்ட துணி கத்தரிக்கோலுக்கு வழுக்காமல் நிற்கும். பழந்துணிக்குப் புதுத்துணியில் இல்லாத ஒரு சிறப்பும் உண்டு: சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்டது, போக வேண்டிய சாயமும் போய்விட்டது. தைத்த பிறகு அது நம்மை ஏமாற்றாது.

வெட்டும்போது பாவு நூல் ஆடையின் உயரத்தில் வருமாறு வைப்பது பொதுவிதி. சேலையின் நீளத்தில் ஓடுவது பாவு; அகலத்தில் ஓடுவது ஊடு. ஓரக் கரை இருந்தால் இதை அறிவது எளிது. பிரித்த துண்டில் கரை இராது. அப்போது இருபுறமும் இழுத்துப் பார்த்துக் குறைவாக நெகிழும் பக்கத்தைப் பாவு என்று கொள்ளலாம். விதிக்கு விலக்கும் உண்டு. பாவாடைக்குக் கரையை அடிப்புறமாக வைக்கும்போது பாவு குறுக்காகவே வரும், அதனால் கேடில்லை. முதலில் செய்தித்தாளில் வடிவத்தை வெட்டிக்கொண்டு, அதைத் துணியின் உறுதியான பகுதிகளில் பொருத்திப் பார்த்து, கறையும் நைவும் வெட்டுக்கு வெளியே போகும்படி நகர்த்திய பிறகே துணியில் கத்தரிக்கோலை வைக்க வேண்டும். புதுத்துணி வெட்டுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழந்துணி வெட்டுபவர் கணக்கில் தேர்ந்துவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு கூறுகின்றேன்; தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். ஆறு வயதுப் பெண் குழந்தைக்குப் பாவாடை சட்டை. சேலையின் அகலம் 45 அங்குலம் என்று கொள்வோம். உறுதியான பகுதி நீளவாக்கில் 60 அங்குலம் இருந்தால் போதும். கரை கீழே வருமாறு வைத்துக்கொண்டு 28 அங்குல உயரத்துக்குக் குறுக்கே வெட்டுங்கள். இதில் 24 அங்குலம் பாவாடையின் உயரம். 1 அங்குலம் இடுப்புத் தையலுக்கு. எஞ்சிய 3 அங்குலத்தைக் கரைக்கு மேலே ஒன்றரை அங்குல மடிப்பாக டக் பிடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு குழந்தை வளர்ந்ததும் அந்த மடிப்பைப் பிரித்தால் பாவாடையும் வளரும். கரையே ஓரமாக அமைவதால் கீழே மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. 22 அங்குல இடுப்புக்கு 60 அங்குலச் சுற்றளவு நல்ல கொசுவம் தரும். மேலே எஞ்சுவது 17 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் கொண்ட பட்டை. சட்டையின் முன்பக்கத்துக்கு 14, பொத்தான் வைக்கும் பின்பக்கம் இரு பாதிகளுக்கும் சேர்த்து 16, இரு கைகளுக்கும் 20, ஆக 50 அங்குலம். மீதி 10 அங்குலத்தில் கழுத்துப் பட்டியை வெட்டிக்கொள்ளலாம். பாவாடை இடுப்பில் நில்லாமல் நழுவும் குழந்தைகளுக்குப் பழைய வேட்டித் துண்டில் கையில்லாத உள்ளுடுப்பு தைத்து அதனோடு பாவாடையை இணைத்துவிடுங்கள். செலவு, ஒரு நூற்கண்டும் ஐந்து பொத்தான்களும்தான்.

தைக்கும்போது துணி பழையதாக இருக்கலாம்; நூல் புதிதாக இருக்க வேண்டும். தையலை மிக நெருக்கமாகப் போட்டால் ஊசித் துளைகளே நைந்த துணியைக் கிழித்துவிடும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் போதும். மெல்லிய சேலைக்கு 11ஆம் எண் ஊசி, சட்டைத் துணிக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16. தைத்த ஓரங்களை மடித்து உள்ளடக்கி மறுமுறை தைத்துவிட்டால் பிசிறு தெரியாது. ஆடையை உள்ளே புரட்டிப் பார்த்தால்தான் தைத்தவரின் தரம் தெரியும்.

பெரியவர்களுக்கும் வழியுண்டு. சட்டையின் கழுத்துப்பட்டை மேற்புறம் தேய்ந்துவிட்டால் அதை மட்டும் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தால் இன்னும் ஓராண்டு உழைக்கும். படுக்கை விரிப்பின் ஓரப் பகுதிகளில் உள்பாவாடை ஆகும். தந்தையின் முழுக்கால் சட்டையில் பையனுக்கு அரைக்கால் சட்டை ஆகும். இவற்றை விரிக்கத் தொடங்கினால் மாலை உணவு தாமதமாகும் என்று செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றார்.

இங்கே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகின்றேன். இக்காலப் பள்ளி விழாக்களில் செய்தித்தாளிலும் பிளாஸ்டிக் உறையிலும் உடை செய்து பிள்ளைகளுக்கு மாட்டி, கழிவிலிருந்து கலை என்று பரிசு கொடுக்கின்றார்கள். என் பள்ளியிலும் நடந்திருக்கின்றது. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை உட்கார்ந்தால் கிழிந்துவிடுவது ஆடையாகாது. உடுத்து, துவைத்து, உலர்த்தி, மறுபடி உடுத்த முடிவதையே நான் ஆடை என்கின்றேன்.

இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள் என்பதை அறிவேன். இருநூறு ரூபாய்க்குச் சந்தையில் ஆயத்தச் சட்டை கிடைக்கின்றது; பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு நான்கு இணை சீருடை தருகின்றது; பிறகு ஏன் இந்தப் பாடு? நியாயமான கேள்வி. சீருடை வந்தது பெரும் நன்மை. ஒரே உடுப்பைத் துவைத்துப் போட்டு அது காயாததால் பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன்; இன்று அந்நிலை இல்லை. மலிவுச் சட்டையையும் வாங்குங்கள், தடையில்லை. ஆனால் பழந்துணியை நான் வலியுறுத்துவது காசை மிச்சப்படுத்த மட்டுமன்று. வெட்டக் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல பலகை வேறில்லை என்பதனாலேயே வலியுறுத்துகின்றேன்.

இதைச் சிறிது விளக்க வேண்டும். தையற்கடையில் யாருக்கு மதிப்பு? இயந்திரத்தை மிதிப்பவருக்கு அன்று, அளவெடுத்து வெட்டுபவருக்கே. அவரைத்தான் மாஸ்டர் என்கின்றோம். நம் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் மேற்கு மாவட்டங்களின் ஆடை ஆலைகளுக்குச் சென்று வருகின்றனர். அங்கே ஒரு பெண் நாள் முழுவதும் காலர் மட்டும் தைப்பாள். மற்றொருத்தி கை மட்டும் மூட்டுவாள். மூன்றாண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பும்போது ஆயிரக்கணக்கான சட்டைகளில் அவள் கைப்பட்டிருக்கும். ஆயினும் ஒரு முழுச் சட்டையை வெட்ட அவளுக்குத் தெரியாது. வெட்டும் அறிவை அந்த வேலை அவளுக்குத் தருவதில்லை. அதை நாம் தாமே கற்க வேண்டும். புதுத்துணியில் கற்கலாம் என்றால், மீட்டர் நூற்றைம்பது ரூபாய்த் துணியில் கத்தரிக்கோல் வைக்க ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் கை நடுங்கும். நடுங்கும் கையால் கற்க இயலாது. பழைய வேட்டியில் வெட்டு பிசகினால் அது கைக்குட்டையாகும். அதிலும் பிசகினால் அடுப்படித் துணியாகும். இருபது முறை பிசகினாலும் வீட்டில் எவரும் கோபிக்க மாட்டார்கள். இருபத்தோராம் முறை கழுத்து சரியாக உட்காரும்.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். தெருவில் பாத்திரம் கொண்டுவருபவர்களிடம் ஐந்து நல்ல சேலைகளைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியை வாங்கிக்கொள்ளாதீர்கள். வாளி ஆறு மாதத்தில் உடையும். அந்த ஐந்து சேலைகளில் உங்கள் மகள் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள முடியும்.

பிறர் வீட்டுப் பழந்துணி பற்றியும் என்னைக் கேட்கின்றார்கள். சந்தையில் விலை கொடுத்து வாங்கினால் அது உங்கள் துணி, தாராளமாக வெட்டுங்கள். வேலை செய்யும் வீட்டில் கூலிக்கு ஈடாகக் கொடுத்தால் ஏற்காதீர்கள். கூலியைப் பணமாகக் கேளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெள்ளம், புயல் போன்ற பேரிடர்க் காலம் வேறு. அப்போது மனிதருக்கு மனிதர் கொடுப்பதை வாங்குவதில் இழிவில்லை.

இயந்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறை வழியாக, கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவுப் பெண்கள் ஆகியோர்க்கு விலையில்லாத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் ஒன்று உண்டு. அத்திட்டம் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைத் தாங்கியிருக்கின்றது. 1923இல் பிறந்து, 1967இல் அறிஞர் அண்ணாவின் அமைச்சரவையிலும், 1979இல் நடுவண் அமைச்சரவையிலும் இடம்பெற்றவர், நம்மில் ஒருவர். அவர் பெயரிலுள்ள இயந்திரத்தைப் பெறத் தையல் தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லாமல் விண்ணப்பங்கள் திரும்பிவிடுவதைப் பார்த்துத்தான் நம் வகுப்பை முறையாக நடத்துவது என்று சங்கம் தீர்மானித்தது. பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களும் அத்துறையின் கீழ்தான் இயங்குகின்றன. உறுப்பினராவது எப்படி என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறியலாம்; விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் என்னிடம் வரலாம்.

நம் வகுப்பு சனி, ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை சங்க நூலகத்தின் பின்னறையில் நடைபெறும். இயந்திரங்கள் இரண்டு உள்ளன. ஒன்றில் பட்டை அடிக்கடி கழலும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வரும்போது துவைத்த பழைய வேட்டி அல்லது படுக்கை விரிப்பு ஒன்று, பழைய செய்தித்தாள், பென்சில் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கத்தரிக்கோலும் ஊசியும் சங்கம் தரும். ஆண் பிள்ளைகளும் வரலாம். பின்வரிசையில் நகைத்த இளைஞர் இருவரையும் பெயர் சொல்லி அழைக்கின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் இயந்திரத்தைத் தொட மாட்டோம். இருவர் இருவராக நின்று ஒருவரை ஒருவர் அளவெடுக்கும் பாடம் மட்டும்: கழுத்து, தோள், மார்பு, கை நீளம். நாடாவை உடம்பில் நன்றாகப் படிய வைத்து அளக்க வேண்டும். அளவுகளை எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்; அதைச் சங்கமே தருகின்றது.